காசிமாயன் கைமாற்றிவிட்ட பெயர்கள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த வண்டி வாங்கி, அதன் நெற்றியில் என் பெயரைப் பக்கத்தில் நின்று எழுத வைத்தவன். விளாங்குடி டீக்கடைக்குள் நான் நுழைந்தால் உட்கார்ந்திருப்பவன் எழுந்து இடம் விடுவான். பெருமைக்குத்தான் சொல்கிறேன், சம்பாதித்த பெருமை. அப்பேர்ப்பட்ட நான் ஒரு வீட்டு வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். என் தங்கச்சி அன்னக்கொடியின் வீட்டுக்காரர் காசிமாயனோடு நின்றேன்.

காசிமாயன் வெள்ளை மனசுக்காரர். விளாங்குடியிலேயே திண்டுக்கல் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கிடைக்காமல், ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவர் போகிறவரையெல்லாம் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த அலைச்சல் வேறு யாருக்கும் வரக்கூடாது என்று ரத்தம் கொடுப்பவர்களுக்காக ஒரு வெப்சைட் தொடங்கினார். அதில் யாருடைய பெயரும் நம்பரும் வெளியே தெரியாது. ரத்தம் தேவைப்படுகிறவர் இவரைக் கூப்பிட வேண்டும், கொடுக்கிறவரை இவர் கூப்பிடுவார்.

திருவிழா, கல்யாண மண்டபம், கல்லூரி வாசல் என்று அலைந்து ஆள் சேர்த்தார். எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "ரத்தத்துக்கு மட்டுந்தான் கூப்புடுவேன். ஒங்க நம்பரு என்னையத் தாண்டிப் போகாது."

அந்த வார்த்தையை நம்பித்தான் தங்கப்பாண்டி தன் மகள் திவ்யாவின் பெயரையும் கொடுத்தார். விளாங்குடிக்கு அந்தப்பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர். அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் திவ்யா.

"நீ கேக்குறேன்னு குடுக்கேன் மாப்ள. வேற எவனாச்சும் பொம்பளப் புள்ள நம்பரக் கேட்டிருந்தா நடந்திருக்குற கதையே வேற" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. பிரவுசிங் சென்டரில் ஈ ஓட்டினார் காசிமாயன். வெப்சைட்டை நடத்த முடியவில்லை. அந்த நேரத்தில் சிம்மக்கல்லில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்த மலையாண்டி, "சேவை நின்னு போயிறக் கூடாதுண்ணே, நான் எடுத்து நடத்துறேன்" என்றார். காசிமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பைசா வாங்கவில்லை. வெப்சைட், பாஸ்வேர்டு, எல்லோருடைய விவரமும் இருந்த சிடி, அத்தனையையும் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தார். பெயர் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தட்டுக்கு வெற்றிலை வாங்கி வந்த எனக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் செல்லுக்கெல்லாம் மெசேஜ் வந்தது. சர்க்கரை டெஸ்ட் தள்ளுபடி, கொழுப்பு டெஸ்ட் தள்ளுபடி. என்னைப் போய்க் கொழுப்பு டெஸ்ட்டுக்குக் கூப்பிடுகிறானே என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் காசிமாயன் வண்டியில் ஓடி வந்தார். "மச்சான், மாட்டுத்தாவணில நம்ம பேரெல்லாம் போட்டு பிளக்ஸ் வச்சிருக்காகளாம். வாங்க, பாத்துட்டு வருவோம்."

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது பேனர். 'உதிரம் தந்த உத்தமர்களுக்கு நன்றி' என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர், ரத்த வகை, செல் நம்பர். மலையாண்டியை முழுக்கக் குறை சொல்ல முடியாது. காதுகுத்துப் பேனரில் ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் பந்தியில் உட்காராமல் எழுந்து போகிற ஊர் இது. பெயர் போடுவதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார். என் பெயர் முதல் வரிசையில் இருந்தது. பொய் எதற்கு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ரசித்தேன்.

பக்கத்தில் இரண்டு விடலைகள் பேனரைப் பார்த்துப் பார்த்துச் செல்லை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ, ஏ பாசிட்டிவ் திவ்யாவா? எனக்கு ஒடம்பு சரியில்லங்க, நேர்ல வந்து பாக்குறீகளா?"

"ஏய், எங்கிட்டக் குட்றா. அந்தப் புள்ள எம்புட்டு நேரமா எடுக்காம இருந்துச்சு!"

நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். காசிமாயன் நகரவில்லை. "மச்சான், என்னையத் தாண்டிப் போகாதுன்னு சொல்லித்தான வாங்குனேன்" என்றார். மேலே ஏறி அவரே கயிற்றை அறுத்தார். பேனர் சரிந்து அவர் தலைமேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நேராகத் தங்கப்பாண்டி வீட்டுக்குப் போனோம். உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை. விவரம் அத்தனையையும் மலையாண்டியிடம் கொடுத்துவிட்டதைக் காசிமாயன் வாசலில் நின்றே சொன்னார். டிவி மேல் இருந்த திவ்யாவின் செல் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"நாலஞ்சு நாளா இதே பாடு" என்றார். "காலேசு போதும்னு சொல்லிட்டேன். பஸ்ஸுல போற புள்ளைக்குப் பின்னாடி எவன் வாரான்னு நான் எங்கிட்டுப் போயிப் பாக்குறது?"

எனக்கு என் பாணியில்தான் பேச வரும். "தங்கப்பாண்டி, நான் யாருன்னு ஒனக்குத் தெரியும். என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு..."

"தெரியும்ணே. ஒங்க லாரியில நான் நெல்லு ஏத்தி விடுறேன். நாளைக்கு லாரிய விக்கிறீக. மேல கெடக்குற என் நெல்லையும் சேத்தா விப்பீக?"

நான் இத்தனை வருஷம் சரக்கு ஏற்றியவன், அடுத்தவன் சரக்கில் ஒரு மணி தொட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்த லாரியைக் காட்டியே அடித்துவிட்டார்.

உள்ளே நிலைப்படியோரம் நின்ற திவ்யா, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாமா" என்றாள். காசிமாயன் அந்தப் பிள்ளையின் காலில் விழப் போனார். தங்கப்பாண்டி தோளைப் பிடித்து நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம். மொதல்ல அவ பேரு எங்கெங்க இருக்கோ அம்புட்டையும் அழிச்சிட்டு வா. பெறகு காலேசப் பத்திப் பேசுவோம்."

சிம்மக்கல்லுக்குப் போய்க் கேட்டால் மலையாண்டிக்குக் கோபம். "நீங்கதான குடுத்தீக? இப்ப இது என்னுதுண்ணே."

"குடுத்தது நாந்தான் தம்பி. ஆனா அது என்னுது இல்ல. மொதல்ல அந்தப் புள்ள பேர எடு. மத்தவுகளையும் ஒவ்வொருத்தரா கேப்போம். இருக்கட்டும்னு சொல்றவுக பேரு மட்டும் இருக்கட்டும்."

"யாரு ஒக்காந்து கேக்குறது?"

"நானே கேக்குறேன்."

காசிமாயன் திவ்யாவின் பெயரைக் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே அழித்தார். சிடியை உடைத்தார். பிறகு அந்தப் பரிசோதனை நிலையத்தின் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பெயர் இருக்கட்டுமா என்று கேட்டார். பலபேர் எடுத்துவிடச் சொன்னார்கள். சிலர் பச்சையாகத் திட்டினார்கள். எனக்கும் போன் வந்தது.

"என்னைய எதுக்கு மாப்ள கேக்குற? நான் என்ன வேத்தாளா?"

"ஒங்களையும் கேக்கணும் மச்சான்."

"இருக்கட்டும்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தங்கப்பாண்டி வாக்குத் தவறவில்லை. மகளுக்கு வேறு நம்பர் வாங்கிக் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பினார். ஆனால் தோழிகளோடு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிள்ளையை இப்போது தன் மொபட்டில் கொண்டுபோய் விடுகிறார். கல்லூரி விடும்வரை எதிரே உள்ள கடையில் காத்துக் கிடந்து, திரும்ப ஏற்றி வருகிறார். வயல் வேலையைக் கூலிக்காரர்கள் பார்க்கிறார்கள். பிள்ளை பின்சீட்டில் தலை நிமிராமல் உட்கார்ந்து வருகிறது.

அந்த மொபட் விளாங்குடியைக் கடக்கும் நேரம் காசிமாயனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் கடை வாசலில் நிற்பதில்லை. ஒருமுறை நான் அங்கே நின்றிருந்தபோது மொபட் வந்தது. வழக்கம்போலக் கையைத் தூக்கி, என்னப்பா தங்கப்பாண்டி என்று கூப்பிட வாயெடுத்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. நானும் கடைக்குள் போய்விட்டேன்.