142857ஐ எனக்குத் தராத அக்கா

இன்று தக்கலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவின் டிக்கெட் எண்ணைப் பார்த்ததும், கணக்கு டீச்சரான எனக்குக் கை பரபரத்தது. 142857!

"அக்கா, இத எனக்குத் தருவியளா? எனக்க டிக்கெட்ட நீங்க வச்சுக்கிடுங்க."

"என்னத்துக்கு மக்கா?"

"ரெண்டால பெருக்குனா 285714. மூணால பெருக்குனா 428571. அதே ஆறு நம்பருதான், சுத்திச் சுத்தி வரும்."

அக்கா நம்பவில்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்து நான்கு, ஐந்து, ஆறு என்று பெருக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே வந்தது. ஏழால் பெருக்கியதும் 999999.

"கொள்ளாமே!" என்று வியந்து அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

பிறகு டிக்கெட்டைப் பத்திரமாக மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு விசேஷம் உள்ளத ஆராவது குடுப்பாவளா மக்கா?"

என்னிடம் இருப்பது 142858. இரண்டால் வகுபடும். அதைத் தவிர இதற்கு ஏதாவது பெருமை உண்டென்றால், தயவுசெய்து கமென்ட்டில் சொல்லுங்கள்.