மாத்திரையே போடுவதில்லை என்றேன்

முதலில் வந்தது வலி இல்லை, எரிச்சல். நெஞ்சுக்குழிக்குக் கீழே, பச்சை மிளகாய் நறுக்கிய கையால் யாரோ உள்ளே தடவிவிட்டதுபோல. சாப்பிட்டால் அடங்கும். வயிறு காலியானதும் திரும்ப வரும். முன்சிறுகுடல் புண்ணுக்கு (இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வரும் புண்) அது ஓர் அறிகுறி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: புற்றுநோய்.

நான் அப்படிப்பட்ட ஆள். தலைவலி வந்தால் மூளையில் கட்டி. மகள் போனை எடுக்கவில்லை என்றால் பஸ் கவிழ்ந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அரைகுறையாகத் தெரிந்தவனுக்குப் பயம் முழுசாக இருக்கும். அரியலூரில் ஒரு சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறேன். தூக்கினேன் என்று எழுத வேண்டும், இன்னும் பழகவில்லை.

பெரம்பலூரில் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். நான் சொன்னதைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, டென்ஷன்தான் காரணம், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காரத்தைக் குறையுங்கள், கவலையை விடுங்கள் என்றார். வெளியே வந்ததும் என் மனைவி செல்வி, "இதத்தான் நானும் பீஸ் வாங்காம சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அதன் பிறகு நான் வயிற்றைப் பிடித்தால் வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கவலைப்படுகிறவனுக்கு நோய் வந்தால் இதுதான் கதி.

கவலையும் காரமும்தான் அல்சர் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அவை எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று, இரைப்பையில் குடியேறும் ஒரு கிருமி. இன்னொன்று, வலி மாத்திரை. அதைப் போடாமல் மூட்டை தூக்கியவன் எங்கள் குடோனில் ஒருவனும் இல்லை.

நாங்கள் அதைச் செட்டு என்போம். மெடிக்கலில் போய் உடம்பு வலிக்கு ஒரு செட்டு என்றால், அட்டையிலிருந்து வெட்டி, நாலு வித மாத்திரையைப் பேப்பரில் மடித்துத் தருவார்கள். காலையில் டீயோடு ஒரு பொட்டலம், சாயங்காலம் ஒரு பொட்டலம். வயிறு எரிகிறது என்றேன். கடைக்காரர் அதே பொட்டலத்தில் கேஸ் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். கொளுத்துவதும் அணைப்பதும் ஒரே பேப்பருக்குள்.

பிறகு மலம் கறுத்தது. தார் மாதிரி, ஒரு கெட்ட வாடையோடு. கூட மூட்டை தூக்கும் ராசு எனக்குத் தம்பி முறை. அவனிடம் சொன்னேன். சிமெண்ட் தூசியும் சூடும் கழிகிறது, நல்லதுதான் என்றான். சிவப்பாக வந்திருந்தால் அலறியிருப்பேன். உள்ளே கசிந்த இரத்தம் குடல் வழியே வருவதற்குள் கறுத்துவிடும் என்று யாருக்குத் தெரியும்? எதற்கெல்லாமோ பயந்த நான், பயந்திருக்க வேண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் நிம்மதியாக இருந்தேன்.

லாரியில் ஏறும்போது கண் இருட்டி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) செய்து, புண்ணில் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தினார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க மேடம். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. நான் மாத்திரையே போடுறதில்ல" என்றேன்.

பொய் சொல்லவில்லை. செல்வியும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். எங்களுக்கு மாத்திரை என்றால் டாக்டர் எழுதித் தருவது, வியாதிக்குச் சாப்பிடுவது. செட்டு என்பது டீ, பீடி மாதிரி வேலையோடு சேர்ந்தது.

படுத்தே கிடந்ததில் இடுப்பு பிளந்தது. ராசு பார்க்க வந்தான். கையில் சாத்துக்குடி, சட்டைப் பையில் செட்டு.

"இங்க குடுக்குறதெல்லாம் வயித்துக்குத்தாண்ணே. இடுப்புக்கு யாரு குடுப்பா?"

தண்ணீர் பாட்டிலை அவனே திறந்து நீட்டினான். அந்தப் பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த வேளைகளுக்கும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான். அதையும் போட்டேன்.

மறுபடி இரத்தம். இந்தத் தடவை வாந்தியில், முதலில் காப்பித்தூள் கரைசல் மாதிரி, பிறகு சிவப்பாகவே. மீண்டும் குழாய் விட்டார்கள். நிற்காவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார்கள். கிளிப் (இரத்தக் குழாயைக் கவ்வி அடைக்கும் சின்ன உலோகத் துண்டு) போட்டதில் நின்றது. விரிப்பை மாற்ற வந்த நர்ஸ் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா அதைப் பிரித்து, இது என்ன என்றார். செல்விதான் சொன்னாள்.

"செட்டுங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே போடுறாரு. அதுவும் மாத்திரைக் கணக்காங்க?"

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதில் இரண்டு மாத்திரை வயிற்றை அரிக்கும், ஒன்று ஸ்டீராய்டு (வீக்கத்தை அமுக்கும் வீரியமான மருந்து), எல்லாம் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று விளக்கினார். "இனிமே இதத் தொட்டீங்கன்னா, அடுத்த தடவ இங்க வந்து சேர மாட்டீங்க."

"அப்ப மூட்டைய எப்படிங்க தூக்குறது?" என்றேன்.

அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

குழாய் விட்டபோது இரைப்பையில் கிள்ளி எடுத்த சதையில் அந்தக் கிருமியும் இருந்தது. அதற்குத் தனி மாத்திரைகள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வாய் கசக்கும், குமட்டும், பாதியில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தக் கூடாது. முடித்தேன். பிறகு பார்த்தபோது கிருமி இல்லை, புண்ணும் ஆறியிருந்தது. இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மலம் தார் மாதிரி கறுத்தால் யாரிடமும் யோசனை கேட்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்டால், டீயோடு முழுங்குவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ராசுவிடமும் சொன்னேன். "விட்டுட்டு என்னத்தண்ணே திங்கிறது?" என்றான். இன்னும் போடுகிறான்.

செட்டு இருந்த காலத்தில் பகல் எப்படிப் போனது என்றே தெரியாது. காலைப் பொட்டலத்தில் இறங்கினால் சாயங்காலப் பொட்டலத்தில்தான் கரையேறுவேன். இப்போது ஒரு பகல் இவ்வளவு நீளமா என்றிருக்கிறது. செல்வி பருத்தி எடுக்கப் போகிறாள், நான் உலை வைக்கிறேன். உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு தன் வயதைச் சொல்கிறது. என்னைவிட அதற்கு இருபது வயதாவது கூட இருக்கும். வயிறு மட்டும் புதுசு. நேற்று தெருக்குழாயில் தண்ணீர் விட்டார்கள். குடம் நிறைந்து வழிந்தது. ஒரு தோளில் சிமெண்ட் மூட்டை சுமந்தவன், அதைத் தூக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற பெண், "நகருங்கண்ணே" என்று சொல்லி, தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தாள்.