எண்ணூறு பாகையிலும் இடம் மாறாத தூள்

வெள்ளைத் தூளை உலையில் வைத்துச் சுட்டு, வெள்ளைத் தூளாகவே வெளியே எடுப்பதுதான் எங்கள் தொழில். அரிசி மாவு வறுக்கும்போது கொஞ்சம் கண்ணசந்து கோட்டைவிட்டவர்கள் உங்களில் இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தூளின் பெயர் டைட்டானியம் டையொக்சைட். அதன் அணுக்கள் அனடேஸ் என்ற ஒழுங்கில் அடுக்கியிருந்தால், வெயில் பட்டதும் சாயம், அழுக்கு எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். சூடு ஏறினால் ரூட்டைல் என்ற ஒழுங்குக்கு மாறிச் சோம்பேறியாகிவிடும். டைலில் உறுதியாக ஒட்ட எண்ணூறு பாகையில் சுட வேண்டும். எங்கள் தூளோ அதற்கு முன்பே மாறித் தொலைக்கும். மாறாமல் பிடித்துக் காட்டினால் பல்லேகலயில் ஒரு டைல் கம்பனி ஆராய்ச்சிக்குப் பணம் தரும். இல்லாவிட்டால் கண்டியில் எனக்கிருக்கும் ஆய்வுகூட உதவியாளர் வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என் ஊரான ஹுன்னஸ்கிரியவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அம்மாவுக்கு விளக்கம்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து அம்மா போனில் கேட்டார், அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று. அதே அணுக்கள்தான், சூட்டில் இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன, பிறகு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை, அதைத் தடுக்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை.

"ஏன்டி, பஸ்ஸுல சீட்டு மாறி உக்காராம பாத்துக்கிறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

நீல விரல்கள்

தூள் வேலை செய்கிறதா என்று பார்க்க, டைலில் நீலச் சாயம் பூசி மொட்டைமாடி வெயிலில் வைப்போம். சாயம் மங்கினால் வெற்றி. அன்று டைலில் சாயம் அப்படியே இருந்தது, என் கையிலும்தான். தோல்வியோடு மடவளை பஸ்ஸில் ஏறி காசை நீட்டினேன். கொண்டக்டர் காசை விட்டுவிட்டு விரல்களையே பார்த்தார்.

"என்ன மிஸ், பத்து விரல்லயும் மை? ஒரே ஆளு பத்து வோட்டா?"

ஒரே ஒரு நல்ல தூள்

ஒருநாள் நடந்தே விட்டது. எண்ணூறு பாகையில் சுட்ட தூளின் எக்ஸ்-ரே வரைபடத்தில் ரூட்டைலின் வாடையே இல்லை. நானும் என் கூட்டாளி ரிஸானாவும் நடைவழி முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினோம். எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஓம், வடிவா வந்திருக்கு. திரும்பவும் ஒருக்கா செய்து காட்டும், அப்பதான் நம்புவன்."

ரிஸானாவின் வாக்குமூலம்

திரும்பச் செய்தோம். ரூட்டைல். இன்னும் ஒருமுறை. ரூட்டைலேதான். கம்பனிக்காரர்கள் வரும் நாள் நெருங்க, நான் மூட்டை கட்டக் கயிறு தேடத் தொடங்கினேன். ரிஸானா மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே இருந்தாள். விரிவுரையாளர் சேர் பொல்லாதவர், மாலு பணிஸ் என்ற மீன் பன்னோடு ஆய்வுகூடத்துக்குள் வந்த ஒருவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பியவர். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏசமாட்டீங்கதானே? நல்ல தூள் வந்த அண்டைக்கு என்ட கோலா அந்த பீக்கருக்குள்ள கொட்டிட்டு."

கம்பனிக்காரர் வந்த நாள்

கோலாவில் பொஸ்பரிக் அமிலம் இருக்கிறது! அதுதான் அணுக்களை இடம் மாற விடாமல் பிடித்திருக்கிறது. அலுமாரியில் இருந்த சுத்தமான அமிலத்தில் துளி சேர்த்துச் சுட்டோம்; அனடேஸ் அசையவில்லை. ரிஸானாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். சேரிடம் அமிலத்தைப் பற்றி மட்டும் சொன்னோம்.

வந்த எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருக்கவே, மொட்டைமாடியில் டைலின் நீலம் மங்கி மங்கிக் காணாமலே போனது. அவர் வாயெல்லாம் பல்லாக, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். சேர் பெருமையோடு எங்களைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ரிஸானா முழுக் கதையையும் கொட்டிவிட்டாள். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சினியர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சேர் மட்டும் சிரிக்கவில்லை. ரிஸானாவின் பக்கம் திரும்பினார்.

"உள்ளுக்க குடிச்சது பிழை, பிள்ளை. இனி ஊத்துப்பட்டால் எத்தினை மில்லிலீற்றர் எண்டு எழுதி வையும்."

தற்செயலாக நடந்த ஒன்றைத் தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி என்பதால், அதைச் செய்ய எங்கள் இருவருக்கும் கம்பனிக்காரர்கள் இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.