எங்கள் தெரு மேடான கதை

மழையைப் பற்றி எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஐப்பசி பிறந்தால் போதும், ஆளாளுக்குக் கையில் ஒரு போன், போனுக்குள் ஒரு வானிலைக்காரர். "புயலு மரக்காணத்துல கரையேறுதாம்பா", "போடா, நேரா நமக்குத்தான்" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொள்வார்கள். பால், ரொட்டி, மெழுகுவத்தி எல்லாம் வாங்கி அடுக்கியாகிவிடும். தெருக்கோடியில் வடிகால் வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது, ஆளுக்கொரு மண்வெட்டி எடுப்போம் என்று சொல்லிப் பாருங்கள். அத்தனை பேருக்கும் அன்றைக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும். த்தூ!

பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர் எங்களுடையது. பெருமழை பெய்தால் வயல்களில் நிரம்பும் தண்ணீர் எங்கள் தெரு வழியாகத்தான் அந்த வாய்க்காலுக்குப் போயாக வேண்டும். வாய்க்கால் மேல் ஒருவர் சிலாப் போட்டுக் கார் நிறுத்துகிறார். யார் கேட்பது? "நமக்கு எதுக்கு வம்பு" என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கேட்பதற்குப் பதிலாக எங்கள் தெரு ஒரு வழி கண்டுபிடித்தது. மேடு. ஒருவர் மூன்றடிக்குப் பேஸ்மட்டம் போட்டார். அடுத்தவர் மூன்றரை. பழைய வீட்டுக்காரர்கள் தரையை உடைத்துக் கிராவல் மண் கொட்டினார்கள். அப்படித் தரையை ஏற்றிய ஒருவருக்கு வாசல்நிலை குட்டையாகிவிட்டது, சொந்த வீட்டுக்குள்ளேயே குனிந்து போகிறார். கேட்டால் "சேஃப்டி" என்கிறார். இவர்கள் ஏற்றிக்கொண்டால் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குப் போகும். இதை நான் குழாயடியில் நின்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். "மனுசங்களா நீங்க" என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

கடைசியில் ஏற்றாமல் மிச்சம் இருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. இன்னொன்று எதிர்வீட்டு டெய்லர் அக்காவுடையது. அவர் வில்லியனூர் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், இங்கே வாழ வந்தவர். புருஷன் போன பிறகு இரண்டு மிஷின்தான் அவருக்குச் சோறு. மழை வந்தால் தண்ணீர் எங்கள் இரண்டு வாசலுக்கும் பாதிப் பாதியாக வரும், படி ஏறாது. ஆளுக்கொரு துடைப்பத்தோடு நின்று தள்ளிக்கொண்டே மேட்டுக்காரர்களைக் கிண்டல் பண்ணுவோம். சிரிப்புத் தாங்காது.

அப்புறம் என் மகளைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு வந்தது. "வர்றவங்க சேத்துலயா கால வெச்சிகினு வருவாங்க? நாலு லோடு மண்ணு கொட்டிடலாம். நாம மட்டும் இன்னா இளிச்சவாயனுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். ஊரையே காறித் துப்பிய நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாலு பத்தாது, அஞ்சா கொட்டச் சொல்லு" என்றேன்.

அந்த வருஷமே புயல் வந்தது. விடிந்ததிலிருந்து விடாத மழை. மத்தியானம் தெரு நிரம்பியது. நான் உயர்ந்த வாசலில் காய்ந்த காலோடு நின்று பார்த்தேன். எங்கள் வாசல் சரிவில் முட்டிய தண்ணீர், பழகின மாடு மாதிரி நேராகத் திரும்பி அக்கா வீட்டுக்குள் போனது. கிறிஸ்துமஸுக்குத் தைக்க வந்த துணியெல்லாம் தரையிலும் கட்டிலடியிலும் மூட்டையாகக் கிடந்த நேரம் அது. அக்கா கையில் அகப்பட்டதை அள்ளிக் கட்டில்மேல் போட்டார். கட்டிலும் முங்கியது. நானும் என் வீட்டுக்காரரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய் மிஷின்களைத் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் வைத்தோம். துணியில் பாதிக்கு மேல் சேறு. ஊரார் கொடுத்த துணி. அவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மனசு கிடந்து குத்தியது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சுயநலம் புடிச்ச தெரு அக்கா இது. அவனவன் மேட்ட ஏத்திகினு அடுத்தவன் குடிய கெடுக்கிறானுங்க. நாசமா போவட்டும்" என்றேன்.

அக்கா ஒரு சின்னக் கவுனைப் பிழிந்துகொண்டிருந்தார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார். "உன் வூட்டுக்கு மண்ணு கொட்டுன அன்னிக்கு இன்னா வெயிலு! பாவம், அந்த ஆளுங்களுக்கு நான்தான் மோர் கலக்கிக் குடுத்தேன்."