வெறும் துவக்கு

போருக்குத் தப்பி வந்த எங்களுக்குத் துவக்கைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்றே நம்பியிருந்தோம். இந்த நாட்டுக்கு வந்து மோர்னிங்சைட்டில் குடியேறிய வருடம், கணவரின் வேலைத்தள நண்பர் எங்களை விட்பி நகருக்கு அப்பாலிருந்த துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போனார். ஊருக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று, கமராவோடு நின்ற எட்டு வயது மகளின் பக்கம் கணவர் துவக்கோடு திரும்பினார். விரல் விசையில் இருந்தது.

"பிள்ளைக்கு நேரே பிடிக்காதேங்கோ!" என்றேன்.

"உது வெறும் துவக்கு, அக்கா. உள்ளுக்குக் குண்டில்லை, பயப்பிடாதேங்கோ," என்று நண்பர் சிரித்தார்.

மகளை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். அந்தக் கணமே அது வெடித்து, அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் பலகையில் துளை விழுந்தது.

இப்போது மகளை எவர் விளையாட அழைத்தாலும், "உங்கட வீட்டில துவக்கு இருக்கோ?" என்று முதலில் கேட்கிறேன். பலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்டுக் களைத்துவிட்டேன், ஆனாலும் கேட்கிறேன்.

ஊருக்கு அந்தப் படம் போகவில்லை. வீட்டில் நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம்.