தீவில் இறந்தவரின் திதி

என் நாட்குறிப்பில் பவ வருஷம் தை ஒன்பதாம் தேதிக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "மேற்கிந்தியத் தீவிலிருந்து கடிதம். போஸ்ட்மாஸ்டர் நேரில் கொண்டுவந்தார். உறையின் மேல் 'ஆம்பூரில் பழைய விவரம் தெரிந்த எவருக்கேனும்' என்று மட்டும் இருந்தது."

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் இங்கிலீஷ் குமாஸ்தா. லண்டனுக்குக் கடிதம் எழுதுவது வேலை. பழைய பஞ்சாங்கங்களைச் சேர்த்துவைப்பது பைத்தியம். கடிதம் என்னிடம் வந்ததற்கு அந்தப் பைத்தியம்தான் காரணம்.

எழுதியவர் அந்தத் தீவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன கூலிகளின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதியவர். அதில் கிடைத்த பெயரோடு தேர்தலில் நின்று சட்டசபைக்கும் போனவர். ஊர் திரும்ப ஆசைப்படும் கிழவர்களுக்குக் கப்பல் கேட்டு அவரை டில்லிக்குத் தூது அனுப்புகிறார்களாம். வழியில் தம் தகப்பனார் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி, தகப்பனாரின் கப்பல் பாஸையும் நகலெடுத்து வைத்திருந்தார். பாஸில் இருந்தது ஆலங்காயம் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர்.

ஒரு ஞாயிறு அங்கே போய், தீவிலிருந்து ஒருவர் வருகிறார் என்று மட்டும் சொல்லி விசாரித்தேன். அறுபதை நெருங்கிய குடியானவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய தகப்பன் கப்பலேறிப் போனபோது இவர் கைக்குழந்தை. அதன்பின் ஒரு சேதியும் இல்லை. தாயார் தாலியோடே செத்துப்போனார்.

"அமாவாசைக்கு அமாவாசை தண்ணி உடறேன், சாமி. அது அல்லாருக்கும் குடுக்கிற நாளு. எங்கப்பனுக்குன்னு ஒரு நாளு இல்லியே," என்றார். "வர்றவருக்கு அவரு செத்த நாளு தெரியுமா, கேளுங்க. நான் போறதுக்குள்ள ஒரே ஒரு திதியாவது ஒழுங்கா குடுத்துட்டா போதும்."

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் விருந்தாளி மதராஸ் ரயிலில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கோட்டு, தொப்பி, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். எங்கள் முதலாளி சாயபு தம்முடைய ஜட்காவைக் கொடுத்தார். "டில்லிக்குப் போற தூதரு கட்டை வண்டியிலயா போவாரு? எடுத்துக்கோ, குமாஸ்தா. குதிரை கொஞ்சம் பேஜாரு, அவ்ளோதான்."

அந்தக் குடியானவப் பெரியவர் வீட்டு வாசலில் பாஸைப் படித்து மொழிபெயர்த்தேன். அங்க அடையாளம்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

"கருக்கருவா பட்டது. எங்கம்மா சொல்லும்," என்றார் பெரியவர். பிறகு, "இவரு அவருக்கு யாரு?"

"மகன்," என்றேன்.

பெரியவரின் மனைவி முந்திக்கொண்டார். "அங்கயும் ஒருத்தியக் கட்டினாரா? இங்க எங்க மாமியா தொட்டுத் தொட்டுப் பாத்தே தாலி தேஞ்சு போச்சு!"

என்ன சொல்கிறார் என்று விருந்தாளி கேட்டார். பாதியை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் மெதுவாகச் சொன்னார்: "வா. குந்து. சோறு துன்னு." தம் தாயாரிடம் கற்றது அவ்வளவுதான்.

"அய்ய, நம்மூருப் பேச்சு!" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். "நீதான் குந்தேன், கொழுந்தனாரே."

பெரியவர் கேட்க நினைத்ததைக் கேட்டார். விருந்தாளி நோட்டைப் பிரித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரிலிருந்து அவரே எழுதிக்கொண்ட தேதி. தகப்பனார் இறந்தபோது விருந்தாளிக்கு வயது இரண்டு. அந்தத் தேதியை இங்கே நான் எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கு உரியது.

"அது இங்கிலீஷ் தேதி. திதி என்னா? வளர்பிறையா, தேய்பிறையா?" என்றார் பெரியவர்.

விருந்தாளி பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். "ஆயிரக்கணக்கான சாவுகளைத் தேதியோடு எழுதியிருக்கிறேன். அன்று நிலவு எப்படி இருந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை," என்றார் என்னிடம்.

அவர் இறந்த வருஷத்துப் பஞ்சாங்கம் என்னிடம் இருந்தது. அன்று மாலையே பார்த்தேன். தேய்பிறைத் தசமி, இருபத்தைந்து நாழிகை வரை, அதாவது மாலை நாலரை வரை. மறுநாள் சொல்லியனுப்பினேன். விருந்தாளி டில்லிக்குப் புறப்பட்டுப் போனார்.

அந்த மாதமும் தசமியும் வந்தபோது பெரியவர் பாலாற்றங்கரையில் எள்ளும் பிண்டமும் வைத்துத் திதி கொடுத்தார். நானும் போயிருந்தேன். ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்து, "இன்னிக்குத்தான் எங்கப்பன் செத்தாப்பல இருக்கு," என்றார்.

சில வாரம் கழித்து லண்டனிலிருந்து மண்டிக்கு ஒரு தந்தி வந்தது. அங்கே கொடுத்த நேரத்தையும் இங்கே வந்த நேரத்தையும் வழக்கம்போல் குறித்தேன். லண்டனில் காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. வருஷக்கணக்காக அறிந்த சங்கதி, அன்றுதான் உறைத்தது. அந்தத் தீவோ லண்டனுக்கும் மேற்கே, நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். திதி எங்கும் ஒரே கணத்தில்தான் மாறும்; ஆம்பூரில் மாலை நாலரைக்கு முடியும் தசமி அங்கே காலை ஏழுக்கே முடிந்துவிடும். அவர் ஏழு மணிக்கு முன் இறந்திருந்தால் தசமி. ஏழு மணிக்குப் பிறகென்றால் ஏகாதசி. நான் ஆம்பூர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தீவில் செத்தவருக்கு நாள் பார்த்திருந்தேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன்.

பெரியவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் உடனே சொன்னார். "ரெண்டு பேரைக் கட்டினவருக்கு ரெண்டு திதியாக் குடுத்துட்டுப் போங்க."

"ச்சும்மா இரு. மனுஷன் ஒரு தரம்தான் செத்தாரு," என்றார் பெரியவர். என்னைப் பார்த்து, "தம்பிக்கு எழுதிக் கேளுங்க சாமி. தெரியிற வரைக்கும் தசமியே இருக்கட்டும். ஒரு நாளுன்னு வந்துச்சே, அத உட மனசு வல்ல."

எழுதினேன். பதில் லண்டனிலிருந்து வந்தது. அப்போது ஏதோ பேச்சுவார்த்தைக்காக அவரை அங்கே அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் நேரம் எழுதக் கட்டமே இல்லையாம். இரவுக் காவலாளியின் புத்தகம் ஒன்று இருந்ததாகக் கேள்வி, தீவு திரும்பியதும் தேடுகிறேன், அதுவரை அண்ணன் முடிவே என் முடிவு என்று எழுதியிருந்தார்.

அடுத்த வருஷமும் பெரியவர் தசமியன்று ஆற்றுக்குப் போனார். காவலாளியின் புத்தகம் கிடைத்ததாக இதை எழுதும் நாள்வரை தகவல் இல்லை. இறந்த நேரம் தெரியவில்லை; ஆகவே தசமி என்பது இன்னும் சரிபார்க்கப்படாதது.