பதினோரு மணிக்கு நின்றுபோன கீபோர்டு

2006-ல் கடலூர் முதுநகரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்துவிட்டேன். கடையில் மொத்தம் இரண்டு பேர். முதலாளி விற்பார், விற்றது மக்கர் செய்தால் நான் போவேன்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு, நோயாளிகளைப் பதிவு செய்ய முதலாளியே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் மவுஸ், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். முதலில் பெயர் கேட்கும். அடித்து என்டர் தட்டினால் வயது கேட்கும். அதற்கும் என்டர் தட்டினால் பக்கத்திலிருக்கும் பிரிண்டர் கரகரவென்று ஒரு டோக்கன் சீட்டைத் துப்பும்.

வரவேற்பு மேசையில் இருந்த அக்காவுக்கு அது பிடித்துப்போனது. அவர் இருபது வருஷம் ஒரு வக்கீலிடம் டைப் அடித்தவர். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். எதிரில் நிற்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்தபடியே அடிப்பார்.

மூன்றாவது வாரம் போன் வந்தது.

"ஏம்மா, என்னாத்த அடிச்சாலும் ஒரு எழுத்து வரல. கீபோர்டு செத்துப்போச்சி."

முதலாளி யோசிக்கவே இல்லை. "புதுசு எடுத்துட்டுப் போயி மாத்திடு" என்றார்.

முதுநகரில் பஸ் ஏறினேன். அட்டைப்பெட்டி இல்லாத கீபோர்டு, வயர் முழங்காலில் தொங்குகிறது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆர்மோனியமா பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கினால் பேச்சு சிதம்பரம் வரைக்கும் போகும் போலிருந்தது. "ஆமாங்க" என்றேன். "எங்க கச்சேரி?" என்றார்.

கிளினிக்கில் கம்ப்யூட்டரை அணைத்து, பழையதைப் பிடுங்கி, புதியதைச் செருகி, மறுபடி போட்டேன். அருமையாக வேலை செய்தது. அக்கா முகம் மலர்ந்தது. என்னை உட்கார வைத்து டீ வரவழைத்து, தானும் மேசையிலேயே உட்கார்ந்து குடித்தார்.

செத்துப்போன கீபோர்டைக் கடைக்குக் கொண்டுவந்து செருகிப் பார்த்தால், ஒரு பட்டன் பாக்கியில்லாமல் வேலை செய்தது.

"சிதம்பரத்துல உப்புக் காத்து ஜாஸ்தியோ?" என்றார் முதலாளி.

"சார், கடல் இங்கதான் இருக்கு."

அடுத்த வாரமே இரண்டாவது கீபோர்டும் செத்தது. நாலு நாள் கழித்து மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பதினோரு மணிக்குத்தான் சாகும், நான் போய் மாற்றியதும் பிழைத்துக்கொள்ளும். நான் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. என்னைக் கண்டால் கீபோர்டு நடிக்கிறது என்று அக்கா சொன்னார். அங்கிருந்த நர்ஸ், மானிட்டர் தலையில் விபூதி பூசிவிட்டார்.

நாலாவது போனுக்கு முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "இனிமே கீபோர்டு கிடையாது. வெறுங்கையோட போ. கூடவே உக்காந்து என்னா பண்றாங்கன்னு பாரு."

வெறுங்கையோடு போனதில் ஒரு லாபம், குடிகாட்டு ரசாயனத் தொழிற்சாலை நாற்றம் தாண்டும்வரை மூக்கைப் பொத்த ஒரு கை மிச்சமிருந்தது.

நான் உள்ளே நுழையும்போது மணி பன்னிரண்டரை இருக்கும். கூடத்தில் நல்ல கூட்டம். நர்ஸ் பழைய நோட்டில் கையால் எழுதி ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா சேரைப் பின்னால் தள்ளிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கூந்தலெல்லாம் கலைந்திருந்தது. என் கைகளைப் பார்த்தார்.

"கீபோர்டு எங்க?"

"தரல அக்கா."

"நல்லா இருக்கு."

அணைத்துப் போட்டால் வந்துவிடும் என்று தெரியும், ஆனால் நாலு நாளில் மறுபடி போன் வரும். அதனால் அணைக்காமல் கேட்டேன். "அக்கா, நின்னுபோறதுக்கு முன்னாடி கடைசியா எத அழுத்துனீங்க?"

"ஒன்னும் அழுத்தல. டீக்காரப் பையன் வராத நாள்ல நானே எழுந்துபோயிக் குடிப்பேன், இன்னிக்கும் போனேன். திரும்பி வந்தா செத்துக் கெடக்கு."

"எழுந்திருக்கும்போது?"

"சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்தேன். நீதான சொன்ன?"

உண்மைதான். டாக்டர் அறையில் கடிதம் அடிக்க இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தபோது, "சீட்ட விட்டு எழுந்தா கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேத்து அழுத்திட்டுத்தான் எழுந்திருக்கணும். கரண்ட்டு போனாலும் பயமில்ல" என்று வாத்தியார் மாதிரி சொன்னவள் நான். அவர் அதைக் கறுப்புத் திரையிலும் விடாமல் கடைப்பிடித்திருக்கிறார். அங்கே அந்த இரண்டு பட்டனுக்கு அர்த்தம் வேறு. திரையை அப்படியே நிறுத்தி வை என்று அர்த்தம். நான் இருந்த நாளெல்லாம் எனக்குத் துணையாக அவர் மேசையிலேயே டீ குடித்ததால் எழுந்திருக்கவில்லை, திரையும் நிற்கவில்லை.

பாலிடெக்னிக் லேபில் இப்படி நின்றுபோனால் கண்ட்ரோலோடு க்யூவை அழுத்துவோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழுத்தினேன்.

திரை உயிர்பெற்று ஓட ஆரம்பித்தது. நான் கவனிக்க மறந்த விஷயம் ஒன்று இருந்தது. திரைதான் நின்றிருந்ததே தவிர, அடித்ததெல்லாம் உள்ளே வரிசையாகக் காத்திருந்தது. ஒன்றரை மணி நேரமாகக் கோபத்தில் அக்கா எதையெதையோ அடித்து என்டரைக் குத்தியிருந்தார். புரோகிராம் அவற்றை மரியாதையாக நோயாளிகளின் பெயராக எடுத்துக்கொண்டது. வயது போடாத இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டது. பிரிண்டர் கரகரவென்று மூன்று சீட்டுகளைத் துப்பியது.

"ஆகா, வந்துடுச்சி!" என்று நர்ஸ் பாய்ந்து வந்து சீட்டுகளைக் கிழித்தார். அக்கா "ஐயோ, சிஸ்டர்" என்று எழுவதற்குள் அவர் கூடத்துக்குப் போய்விட்டார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்தார்.

"வே...ல... செய்யி. வேலசெய்யி யாருங்க? வாங்க!"

ஒருவரும் வரவில்லை. அடுத்த சீட்டை எடுத்தார்.

"நாச...மா... போ."

மூலையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வெளியூர்க்காரங்களா இருக்கும்" என்றார்.

"இந்த... பொண்ணுக்கு... ஒன்னும்... தெரியல. இந்தப் பொண்ணுக்கு ஒன்னும் தெரியல! யாருங்க அது?"

நான் கையைத் தூக்கினேன்.

அதற்குள் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அவர் அறைத் திரையிலும் பட்டியல் தெரியும். "என்னாம்மா, வயசு பூஜ்யம்னு மூணு பேரு இருக்கு? பச்சப்புள்ளைங்கள ஏன் காக்க வெக்கிறீங்க? எங்க, மொதல்ல அனுப்புங்க" என்று கூடம் முழுக்கக் கைக்குழந்தைகளைத் தேடினார்.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து கிட்டப் போனேன். சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. டாக்டரிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன், தப்பு என் பாடத்தில்தான் என்பதையும் சேர்த்து. அவர் மூன்றாவது சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பட்டன்கள் திரையை நிறுத்தாமலிருக்க ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார். வரியை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அக்காவை ஆறு தடவை உட்காரவும் எழவும் வைத்துச் சோதித்தேன். திரை நிற்கவில்லை.

மத்தியானம் மேல வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு அக்கா என்னைக் கூட்டிப்போனார். ரசம் வந்ததும் இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"என் கைதான் போயிடுச்சோன்னு நெனச்சேன்ம்மா. வயசாயிடுச்சி, கம்ப்யூட்டருக்குத் தோதுப்படல, ஆள மாத்திடுவாங்கன்னு. மூணு வாரமாத் தூக்கமில்ல. அந்தக் கோவத்துலதான் ஒன்ன அப்பிடி அடிச்சிட்டேன்."

"அடிச்சதுல தப்பில்ல அக்கா. எனக்கு ஒன்னும் தெரியலதான்."

"அது சரி" என்று உடனே ஒத்துக்கொண்டார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு அப்பளம் போடச் சொன்னார்.